மட்டம் காட்டும் பக்கம்

ஜூன் 3

அக்கா,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரிக்கு வந்துவிட்டாய் என்றால் அதுவே பெரிது. அப்பா செத்ததற்கு ஈடாகக் கம்பெனி கொடுத்த வேலையில் நான் சேர்ந்த அன்று, "இனிமே எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்லை" என்று சொல்லிவிட்டு நீ பஸ் ஏறினாய். நானும் எழுதவில்லை. இப்போதும் சமாதானம் பேச எழுதவில்லை. உன் தொழிலில் ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

என்னைக் கழிவுக் குட்டையின் கரைமேல் போட்டிருக்கிறார்கள். தாது கழுவிய சேற்றுத் தண்ணீர் முழுக்க இங்கேதான் வந்து தேங்குகிறது. கரை உச்சியில் ஒரு தகர அறை. அதற்குள் நான், ஒரு வயர்லெஸ் பெட்டி, பம்பு சுவிட்சுகள். கரைக்கு நேர் கீழே தொழிலாளர்களின் லைன் வீடுகள். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். சேறு மேலே, சனம் கீழே. இதற்கு வரைபடம் போட்டவன் நிச்சயம் வேறு ஊரில் குடியிருந்திருப்பான்.

குட்டையில் ஒரு கருவி தண்ணீர் மட்டத்தை அளக்கிறது. அந்த எண் உள்ளங்கையளவு கணினிப் பலகை ஒன்றில் வந்து விழுகிறது. உள்ளே லினக்ஸ் இருக்கிறதாம். எனக்கு முன்னால் இருந்தவர் அதுவரைக்கும் செய்து வைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். போன வாரம் மேலாளர் வந்தார். "மேலிடத்துலேர்ந்து ஆய்வுக்கு வர்றாங்க. இந்த நம்பர் ஆபீஸ் ஸ்கிரீன்ல தெரியற மாதிரி ஒரு பக்கம் போட்டு வை." எனக்குத் தெரியாது சார் என்றேன். "தெரியாதுன்னா கத்துக்கோ. சும்மாதானே உக்காந்திருக்கே?"

ஆபீசில் தெரிவதைப் பற்றி எனக்கு அக்கறையில்லை. வருகைப் பதிவுக்காக வைத்த வைஃபை லைன் வீடுகள்வரை எட்டுகிறது. அதில் வெளியுலகத்துக்கு வழி கிடையாது. இந்தப் பள்ளத்தில் போன் சிக்னலும் கிடையாது. ஆனால் பலகையும் அதே வைஃபையில்தான் இருக்கிறது. நான் பக்கம் போட்டால் கீழே இருப்பவர்களும் போனில் பார்க்கலாம் அல்லவா? மழைக்காலம் வரப்போகிறது. தலைக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

தாது லாரி ஓட்டும் மீசைக்காரர் நகரத்துக்கு வந்து போகிறார். கோபம் தீரவில்லை என்றால் அவரை வெறுங்கையோடு அனுப்பு. புரிந்துகொள்வேன்.

தம்பி

ஜூன் 11

தம்பி,

கோபம் தீரவில்லை. அதை முதலில் எழுதி வைக்கிறேன்.

அப்பா கழுவுகொட்டகையில் பெல்ட்டில் சிக்கியபோது அதை நிறுத்தும் சுவிட்ச் மூன்று மாதமாக வேலை செய்யவில்லை. 'கவனக்குறைவு' என்று அப்பாவின் தலையில் எழுதினார்கள். அந்தக் கையாலேயே உனக்கு ஒரு கம்பெனிச் சட்டையை நீட்டினார்கள், நீ போட்டுக்கொண்டாய். அம்மாவுக்குச் சோறு யார் போடுவது என்று நீ கேட்பாய். தெரியும். நான் போட்டிருப்பேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது வேலை. நாங்கள் இங்கே வைத்திருக்கும் பெரிய சர்வர் மென்பொருளை உன் பலகையில் ஏற்றினால் அது மூச்சுத் திணறிவிடும். உனக்கு இலகுவான ஒன்று போதும். ஒரு மெமரி கார்டில் போட்டு மீசைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். ஏற்றும் முறை தனித்தாளில். பிறகு அதன் அமைப்புக் கோப்பைத் திற. உன் பக்கம் எந்த அடைவில் (ஃபோல்டரில்) இருக்கிறது, எந்த வாசல் எண்ணில் (போர்ட்டில்) பேச வேண்டும், வருபவர்களை எங்கே பதிய வேண்டும், எல்லாம் அதில்தான் சொல்ல வேண்டும். வரிகளைத் தாளில் எழுதியிருக்கிறேன். அப்படியே தட்டு. மேற்கோள் குறியைத் திறந்தால் மூடு. உன் பள்ளிக்கூடப் பழக்கத்தை இங்கே காட்டாதே. கோப்பை மாற்றும்போதெல்லாம் முதலில் சரிபார்க்கும் கட்டளை, பிறகுதான் மறுதொடக்கம். சேவையைத் தானாகத் தொடங்கும்படி வைத்துவிடு. மின்சாரம் போய் வந்தாலும் எழுந்துகொள்ளும்.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. சர்வர் அறையில் வேலை. குளிர், விசிறிச் சத்தம், வரிசை வரிசையாகப் பச்சை விளக்கு. பேச ஆள் கிடையாது. விடுதி அறையில் இருக்கும் பெண்ணுக்கு எதிர் ஷிப்ட். அவளை அவள் துவைத்துப் போடும் துணிகளால்தான் தெரியும்.

அம்மா?

அக்கா

ஜூன் 20

அக்கா,

ஓடுகிறது! முதல்முறை ஓடவில்லை. நீ சொன்னதுபோலவே ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டிருந்தேன். சரிபார்க்கும் கட்டளை வரி எண்ணோடு திட்டியது. உன் குரலில் திட்டியதுபோல் இருந்தது, கோபம் வரவில்லை.

அறையில் பலகையோடு ஒரு பழைய திரை இருக்கிறது. அதில் நீ எழுதிய முகவரியைத் தட்டினேன். வெள்ளைப் பக்கம், நடுவில் மட்டம், பெரிய எழுத்தில். கீழே அளவுகோல் போல ஒரு படம், அதில் ஒரு சிவப்புக் கோடு, 'இதைத் தாண்டினால் ஆபத்து' என்று எழுதினேன். அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமலும் தெரிய வேண்டும் என்று எழுத்தை இன்னும் பெரிதாக்கினேன். மேலாளரிடம் முடிந்தது என்றேன். "குட்" என்றார், பார்க்கவில்லை. பலகையின் முகவரியைச் சீட்டில் எழுதி வருகைப்பதிவுக் கொட்டகையில் ஒட்டிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் நீ எழுதியிருக்கிறாய் என்று சொன்னேன். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "சாப்பிடறாளாமா?" என்றாள். எழுதலைம்மா என்றேன். "அப்ப என்னத்தைத்தான் எழுதினா?" அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு ஒரே பாத்திரத்தை இரண்டுமுறை கழுவினாள்.

நீ எப்படி இருக்கிறாய்? இப்போது கேட்டுவிட்டேன்.

தம்பி

ஜூலை 2

அக்கா,

உன் பதில் வருமுன்னே எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

யாருமே பார்க்கவில்லை. வருகிறவர்களின் பதிவைத் தினமும் திறக்கிறேன். இத்தனை வீடுகள், இத்தனை போன்கள், ஒருவருக்கும் அக்கறையில்லை. அடுத்த வீட்டுப் போனில் தட்டிப் பார்த்த அம்மாவைக் கேட்டால், "அது வரலைப்பா" என்கிறாள். சரியாகத் தட்டத் தெரியவில்லை, வேறென்ன. இவர்களுக்காகவா மெனக்கெட்டேன் என்று ஆத்திரமாக வருகிறது. தலைமேல் சேறு விழுந்தாலும் குடை பிடித்துக்கொண்டு வருகை பதியப் போவார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் வருகிறார். பதிவில் அவர் முகவரி 127.0.0.1. யார் என்று தெரியவில்லை. கழுவுகொட்டகை மேஸ்திரியாக இருக்கலாம், பிள்ளைக் காப்பகத்து ஆயா அக்காவாக இருக்கலாம். ஒருநாள்கூடத் தவறுவதில்லை. நான் காலையில் வந்து பார்க்கும்போது அவரும் பார்க்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் அப்போதும் வந்திருக்கிறார். என்னைப் போலவே நேரம் போகாத மனிதர் போல. அவருக்காகப் பக்கத்தின் மேலே 'வணக்கம்' என்று சேர்த்தேன். நேற்று, 'இன்று காற்று அதிகம், பத்திரம்' என்று போட்டேன். உடனே வந்து பார்த்தார், அக்கா. உடனே. இந்தத் தகர அறையில் எனக்கென்று ஒரு ஆள் கிடைத்த மாதிரி இருந்தது.

சிரிக்காதே.

தம்பி

ஜூலை 9

தம்பி,

சிரித்தேன். சர்வர் அறையில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்ததில் காவலாளி கதவைத் திறந்து பார்த்தார். அவர் போன பிறகு அழுதேன். ஏன் என்று கேட்காதே.

அது நீதான்டா.

127.0.0.1 என்றால் அந்தப் பலகையே தன்னைத் தானே கூப்பிடுவது. நீ உன் திரையில் பார்க்கும்போதெல்லாம் பதிவாகிறாய். பார்க்கிறவனும் நீ, காட்டுகிறவனும் நீ. வேறு யாரும் வர முடியாது, ஏனென்றால் கதவு உள்பக்கம் மட்டும்தான் திறந்திருக்கிறது. கோப்பில் இந்த வரியைப் பார்:

server.bind = "127.0.0.1"

இது என் தப்பு. எங்கள் தொழிலில் எந்தப் புது சர்வரையும் முதலில் உள்ளே மட்டும் திறந்து சோதிப்போம். எல்லாம் சரி என்றால்தான் வெளியே திறப்போம். கைப்பழக்கத்தில் அப்படியே எழுதிவிட்டேன். பிறகு திறக்கச் சொல்ல வேண்டும் என்பது நினைவில் இல்லை. இங்கே அதைச் செய்ய அடுத்த ஷிப்டில் வேறு ஆள் உண்டு. உன் அறையில் வேறு ஷிப்ட் கிடையாது என்பதை மறந்துவிட்டேன்.

மேற்கோளுக்குள் இருப்பதை 0.0.0.0 என்று மாற்று. சரிபார். மறுதொடக்கம் செய். அவ்வளவுதான்.

இன்னொன்று. 'வரலைப்பா' என்று அம்மா சொன்னது நிஜம். அவளுக்குத் தட்டத் தெரியாது என்று முடிவு கட்டியது நீ. நம்மைப் பற்றி மேலாளர்கள் அப்படித்தான் முடிவு கட்டுகிறார்கள். அந்தச் சட்டை உடம்புக்குள்ளே இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்.

சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

அக்கா

ஜூலை 17

அக்கா,

திறந்தேன். அன்று மாலையே பதிவு நிரம்பி வழிந்தது. வரிக்கு வரி வேறு வேறு முகவரி. என் பழைய நண்பர் மட்டும் அவ்வப்போது நடுவில் வருகிறார், அவரை இனி கண்டுகொள்வதில்லை.

ஃபிட்டர் வீட்டு அண்ணி தன் பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறாள். நான்தான் வைஃபையில் சேர்த்துக் கொடுத்தேன். அதன் முகவரி 37 என்று முடியும். அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் அம்மா ஒருமுறை பார்க்கிறாள். பதிவில் 37 வந்தால் மணி ஐந்தரை.

நல்லதெல்லாம் இத்தோடு முடிந்தது. மட்டம் சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கிறது. மழை இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை. பெண்கள் கூட்டமாக ஆபீசுக்குப் போய்விட்டார்கள். ஆயா அக்காதான் முன்னால். "இதைக் குறைக்க என்ன செஞ்சிருக்கீங்க? எங்க பிள்ளைங்க தூங்கற இடம் சார் அது." மேலாளர், "அது டெக்னிக்கல் விஷயம்மா, உங்களுக்குப் புரியாது" என்றாராம். ஆயா அக்கா, "புரியலைன்னா ஏன் சார் வேர்க்குது உங்களுக்கு?" என்று கேட்டிருக்கிறாள்.

மேலாளர் நேராகக் கரைக்கு வந்தார். முதல்முறையாக அப்போதுதான் பக்கத்தைப் பார்த்தார். "யாரைக் கேட்டு ஊருக்கெல்லாம் காட்டறே? ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மட்டும் தெரியணும். வர்ற திங்கக்கிழமைக்குள்ள அடைச்சுடு. இல்லைன்னா நீயும் வேணாம், உங்கம்மா இருக்கற வீடும் எங்களுக்கு வேணும்."

வீடு கம்பெனியுடையது, அக்கா. நான் போனால் அம்மாவும் தெருவில் நிற்க வேண்டும். ஒரு முகவரிக்கு மட்டும் காட்டி மற்றவர்களை மறுக்கும் வரி இருக்குமே, அதை எழுதி அனுப்பு. நீ என்ன சொல்வாய் என்று தெரியும். இருந்தாலும் அனுப்பு.

தம்பி

ஜூலை 23

தம்பி,

மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். எல்லாவற்றிலும் அப்பா வந்தார்.

வரி தனித்தாளில் இருக்கிறது. ஆபீஸ் முகவரியைத் தவிர யார் வந்தாலும் 403 என்று பதில் போகும். 'கேட்டது இருக்கிறது, உனக்குக் கிடையாது' என்று அர்த்தம். ஆனால் கேட்டவர்கள் பதிவாவார்கள். யார் யாரை எப்போது மறுத்தாய் என்று அது எழுதிக்கொண்டே இருக்கும்.

அனுப்ப மாட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு தோன்றியது: ஏர்கண்டிஷன் அறையில் இருந்துகொண்டு உன் வேலையையும் அம்மாவின் கூரையையும் பணயம் வைக்க நான் யார்? போடுவதும் போடாததும் உன் கையில். போட்டால் கோபப்பட மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

அம்மாவை இங்கே அனுப்பி வை. அந்த எதிர் ஷிப்ட் பெண்ணிடம் பேசிவிட்டேன். நாங்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல்முறை. நல்ல பெண்.

அக்கா

ஆகஸ்ட் 6

அக்கா,

இதை எழுதுவது ஒரு லாட்ஜ் அறையிலிருந்து. கம்பெனி விசாரணை முடியும்வரை இந்த ஊரைவிட்டு நகரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். நீ எதையாவது கேள்விப்பட்டிருப்பாய். கேள்விப்படாமலும் இருக்கலாம். யாரும் சாகவில்லை, அதனால் செய்தி இல்லை.

முதலில் ஒன்று கேட்க வேண்டும். அம்மா உன்னிடம் வந்தாளா? ஆட்களை லாரிகளில் ஏற்றி ஆளுக்கொரு பக்கம் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். எந்த லாரி எங்கே போனது என்று யாரிடமும் விவரம் இல்லை. மீசைக்காரர் மட்டும், "உங்கம்மா நகரத்துப் பக்கம் போற வண்டியில ஏறின மாதிரி இருந்துச்சு" என்றார். மாதிரி.

நான் அந்த வரியைப் போட்டேன், அக்கா. உன் தாள் வந்த அன்றே. மேலாளர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். உன்னிடம் வரும்படி அம்மாவைக் கேட்டேன். "நீ இங்க இருக்கறப்ப நான் எங்க போறது?" என்று முடித்துவிட்டாள்.

பிறகு மழை. நிற்கவேயில்லை. பதிவைத் திறந்தால் 403, 403, 403. பார்க்க முடியாது என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 37 வந்து வந்து திரும்பியது. பெற்ற தாயின் முகத்தில் கதவைச் சாத்தி, சாத்திய நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டிருந்தேன்.

மட்டம் சிவப்புக் கோட்டைத் தாண்டியது ஒரு மதியம். வயர்லெஸ்ஸில் மேலாளரைப் பிடித்தேன். அபாயச் சங்கு ஊத அவர் உத்தரவு வேண்டும். "பீதியைக் கிளப்பாதே. பம்பை ஓட்டு, பாத்துக்கலாம்" என்றார். கரையின் கீழ்ப்புறம் ஓரிடத்தில் சேறு கசிய ஆரம்பித்திருந்தது. அதையும் சொன்னேன். பெட்டி கரகரத்தது, அவ்வளவுதான்.

கோப்பைத் திறந்து அந்த வரியை அழித்தேன். அவசரத்தில் பக்கத்து வரியையும் சேர்த்து அழித்துவிட்டேன். சரிபார்க்கும் கட்டளை திட்டியது. மறுபடி எழுதினேன், சரிபார்த்தேன், மறுதொடக்கம் செய்தேன். பக்கத்தில் மட்டத்துக்குக் கீழே, 'கரை கசிகிறது. உடனே மேட்டுக்குப் போங்கள்' என்று எழுதினேன்.

அடுத்த நிமிடமே எல்லோரும் பார்த்தார்கள். முகவரி மேல் முகவரி. சன்னலில் மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பதிவில்தான் அவர்கள் போவதைப் பார்த்தேன். மேட்டுப் பாதையில் ஏற ஏற வைஃபை எட்டாமல் போகும். ஒவ்வொரு முகவரியாக நின்றது. ஒன்று மட்டும் நிற்கவில்லை. 37.

கேட்டது, மறுபடி கேட்டது, மறுபடி கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. எண் மாறுகிறதா என்று பார்க்கவில்லை அவள். பக்கம் உயிரோடு இருந்தால் நானும் மேலே இருக்கிறேன் என்று பார்க்கிறாள். நான் கரையில் இருக்கும்வரை வீட்டைவிட்டு நகர மாட்டாள். நான் பம்பை விட்டு இறங்கினால் கரை இன்னும் சீக்கிரம் போகும், அவள் அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறாள்.

பக்கத்தைத் திறந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு வரி எழுதினேன். 'அம்மா, நான் இறங்கிட்டேன். மேட்டுக்குப் போயிட்டேன். நீ வா.'

37 ஒருமுறை கேட்டது. பிறகு வரவில்லை.

பம்பை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஏறியிருப்பாள் என்று தோன்றும்வரை இருந்தேன். பிறகு பின்பக்கப் பாறை வழியாக ஓடினேன். கரை சரிந்த சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது மேடு பள்ளமில்லாமல் ஒரே சேறு.

நேற்று விசாரணை. நீளமான மேஜை, மூன்று பேர், தண்ணீர் பாட்டில்கள். உத்தரவை மீறிப் பக்கத்தைத் திறந்தது ஏன் என்று கேட்டார்கள். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார்கள். நானே கற்றுக்கொண்டேன் என்றேன். கரை ஏன் சரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். "அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லை" என்றார் நடுவில் இருந்தவர்.

இந்த அறையில் ஒரு கட்டில், ஒரு வாளி. வாசலில் யார் நடந்தாலும் எழுந்து உட்காருகிறேன். அம்மா வந்தாளா என்று மட்டும் எழுது.

தம்பி

ஆகஸ்ட் 12

தம்பி,

வந்துவிட்டாள். வந்துவிட்டாள். முதலில் அதைப் படித்துக்கொள்.

முழங்கால்வரை சேறு, கையில் அந்த அணைந்துபோன போன். விடுதி வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். எதிர் ஷிப்ட் பெண்தான் உள்ளே கூட்டி வந்து வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறாள். நான் வந்தபோது என் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரியாத அளவுக்கு இளைத்திருக்கிறாள். உன் கடிதம் வரும்வரை நீ உயிரோடு இருப்பது எங்களுக்குத் தெரியாது. அந்த நாட்களைப் பற்றி எழுத மாட்டேன்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். நீ எழுதிய அந்த ஒரு வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பொய்யின்னு அப்பவே தெரியும்."

எப்படித் தெரியும் என்றேன்.

"வாசல்ல நின்னா பம்புச் சத்தம் கேக்கும். இறங்கிட்டேன்னு எழுதறான், பம்பு ஓடுது. அது என்ன தானாவா ஓடும்?"

அப்புறம் ஏன் கிளம்பினே?

"நான் இருக்கறவரைக்கும் அவன் இறங்கமாட்டான்டி. நான் போனாத்தானே அவன் போவான்?"

மேட்டில் நின்று உனக்காகக் காத்திருக்கிறாள். கரை சரிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். நீ பாறைப் பக்கம் ஓடியது அங்கிருந்து தெரியாது. பிறகு லாரியில் பிடித்து ஏற்றிவிட்டார்கள். வழியெல்லாம் அவள் என்ன நினைத்துக்கொண்டு வந்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

விசாரணையில் நீயே கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறாய். அதை மாற்றச் சொல். அந்தக் கோப்பின் ஒவ்வொரு வரியையும் எழுதியது நான். மறுக்கும் வரியையும் நான்தான் எழுதினேன், அதற்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன். நீளமான மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேராக உட்காரலாம். அவர்கள் சம்பந்தமில்லை என்று சொல்லும் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஆயா அக்கா எந்த ஊரில் இறங்கினாள் என்று மீசைக்காரரிடம் விசாரி. அவளும் வர வேண்டும்.

லாட்ஜில் போன் இருந்தால் நம்பர் வாங்கித் தருகிறேன், நீ பேசு என்று அம்மாவிடம் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

"எழுதிப் பொய் சொன்னான். போன்லயும் சொல்லுவான். நேர்ல பாத்தாத்தான் நம்புவேன்."

சேலையை மடித்து என் பையில் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை பஸ்.

அக்கா